பிரிந்துபோக முடியாதவர்களின் மக்களாட்சி



டெபியன் என்ற பெயரை உங்களில் கணினி படிப்பவர்கள் அறிவார்கள். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓர் இயங்குதளம் அது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியதை இன்று பல நாடுகளில் இருக்கும் ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வ நிரலர்கள் நடத்தி வருகிறார்கள். இந்தக் குழு 1998 டிசம்பரில் தனக்கென்று ஓர் அரசமைப்புச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதில் தலைவர் உண்டு, அவருக்கு ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. செயலர் உண்டு, தொழில்நுட்பக் குழு உண்டு, உறுப்பினர்கள் கூடித் தலைவரின் முடிவைத் தள்ளுபடி செய்யும் வழியும் உண்டு. ஆனால் இத்தனைக்கும் முன்பாக ஒரு விதி வருகிறது: இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் எவரையும் வேலை செய்யும்படி கடமைப்படுத்தாது.

அரசியல் தத்துவம் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஹாப்ஸ் முதல் வேபர் வரை அரசு என்றாலே கட்டாயப்படுத்தும் வல்லமை என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். கட்டளையிட முடியாத தலைவர், கீழ்ப்படியக் கடமையில்லாத குடிமக்கள், ஆனாலும் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கலையாத குடியரசு. இது எப்படி நடக்கிறது என்ற கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இணையமும் திறமூலப் பண்பாடும் மக்களாட்சிக்கு முன்மாதிரி என்று பலர் சொல்லிவிட்டார்கள். எந்த அளவுக்கு முன்மாதிரி, எந்த இடத்தில் அந்த முன்மாதிரி நின்றுபோகிறது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

1983 செப்டம்பரில் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் கொள்கை பயனருக்கு நான்கு உரிமைகளைத் தருகிறது: எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருடன் பகிரலாம். இந்த நான்கும் ஒன்றுசேரும்போது அவற்றிலிருந்து இன்னோர் உரிமை தானாகவே பிறக்கிறது. நடத்துகிறவர்களோடு ஒத்துப்போகாவிட்டால், இதுவரை எழுதப்பட்ட நிரல் முழுவதையும் எடுத்துக்கொண்டு தனியே போய்விடலாம். நிரலர்கள் இதை ஃபோர்க் என்கிறார்கள். வீட்டைவிட்டுப் பிரிந்து போகிறவர் சொத்தில் ஒரு பங்கைத்தான் கேட்கலாம். இங்கே பிரிகிறவருக்கும் முழுச்சொத்து, இருப்பவருக்கும் முழுச்சொத்து. இப்படி ஒரு பாகப்பிரிவினையை மனித வரலாறு இதற்கு முன் கண்டதில்லை.

இதன் வலிமையைக் காட்ட 2002ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியா தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அப்போது அது ஒரு வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. முகவரிகூட வணிக முகவரிதான். தளத்தில் விளம்பரங்கள் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிஷ் மொழியில் எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர்களுக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் உழைப்பை எவரோ விற்றுப் பிழைக்கப்போகிறார்கள் என்று நினைத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர்களில் பெரும்பகுதியினர் கட்டுரைகளை நகலெடுத்துக்கொண்டு செவில் பல்கலைக்கழகத்தின் வழங்கியில் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டிலேயே விக்கிப்பீடியா வணிக முகவரியைக் கைவிட்டது. 2003இல் இலாபநோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளை உருவானது. இன்றுவரை விக்கிப்பீடியாவில் விளம்பரம் இல்லை. பிரிந்துபோன கலைக்களஞ்சியம் பெரிதாக வளரவில்லை, ஸ்பானிஷ் விக்கிப்பீடியாவே பிறகு அதை விஞ்சியது. ஆனால் நாம் எல்லோரும் இன்று விளம்பரமில்லாத ஒரு கலைக்களஞ்சியத்தைப் படிக்கிறோம் என்றால், அதில் அந்த ஸ்பானியர்களின் பங்கு பெரிது. ஓப்பன்ஆஃபீஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன 2010இல் லிப்ரேஆஃபீஸ் பிரிந்து பிறந்ததும் இதே வகைக் கதை. அங்கே பிரிந்துபோன கிளைதான் தழைத்தது.

இந்த இடத்தில் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற சிந்தனையாளரை நினைக்க வேண்டியிருக்கிறது. 1970இல் வெளிவந்த அவருடைய சிறிய நூல் ஒன்று, ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது அதில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறது. விலகிப் போகலாம், அல்லது இருந்து குரல் கொடுக்கலாம். இவற்றில் எதைத் தேர்கிறோம் என்பதை அமைப்பின்மீது உள்ள பற்று முடிவு செய்கிறது. ஹிர்ஷ்மன் பெர்லினில் பிறந்த யூதர். 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர். 1940இல் மார்செய் துறைமுக நகரில் இருந்துகொண்டு நாஜிகளிடமிருந்து அறிஞர்களையும் கலைஞர்களையும் தப்பவைத்த குழுவில் உழைத்தவர். விலகிப் போவது என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவர். அப்படிப்பட்டவர், விலகும் வழி எளிதாக இருப்பது சில நேரம் கேடு என்றும் காட்டினார். நைஜீரியாவின் ரயில்வே அவர் தந்த சான்று. லாரிப் போக்குவரத்து போட்டிக்கு வந்த பிறகும் ரயில்வே ஏன் திருந்தவில்லை? தட்டிக் கேட்கக்கூடியவர்கள்தான் முதலில் லாரிக்கு மாறிப் போனார்கள். மிச்சம் இருந்தவர்களின் குரல் நிர்வாகத்தின் காதில் விழவில்லை.

ஹிர்ஷ்மனின் கண்ணாடியை அணிந்துகொண்டு டெபியனைப் பார்த்தால் அதன் அழகு தெரிகிறது. விலகும் உரிமை முழுமையாக இருக்கும் இடத்தில், குரலுக்கும் அவர்கள் அத்தனை கவனத்தோடு நிறுவனம் கட்டியிருக்கிறார்கள். வாக்களிப்பு முறையைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி கோந்தோர்சே 1785இல் வகுத்த வழி அது. வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்வதில்லை, எல்லோரையும் தன் விருப்ப வரிசையில் அடுக்குகிறார். ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் இணை இணையாக ஒப்பிட்டு முடிவு காண்கிறார்கள். கோந்தோர்சே 1793இல் பிரெஞ்சுக் குடியரசுக்கு ஓர் அரசமைப்பு வரைவு தந்தார், அது ஏற்கப்படவில்லை. மறு ஆண்டு சிறையில் இறந்துபோனார். தேசங்கள் எதுவும் பொதுத்தேர்தலுக்கு எடுத்துக்கொள்ளாத அவர் முறையை இருநூறு ஆண்டு கழித்து நிரலர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகுந்த நெகிழ்ச்சி தரும் செய்தி. வாக்குச்சீட்டில் ‘இவர்களில் எவரும் வேண்டாம்’ என்ற இடமும் இருக்கிறது. நம் நாட்டில் 2013 முதல் நோட்டா உண்டு, ஆனால் அது முடிவை மாற்றாது. டெபியனில் அந்த இடத்தைவிடக் கீழே தள்ளப்பட்ட வேட்பாளர் வெல்ல முடியாது.

இவ்வளவும் இருந்தும் சண்டை வந்தது. கணினி உயிர்பெறும்போது முதலில் ஓடும் நிரல் எதுவாக இருக்க வேண்டும் என்பது வெளியாருக்கு அற்பமாகத் தோன்றலாம். 2014இல் டெபியன் அதில் இரண்டு பட்டது. சிஸ்டம்டி என்ற புதிய நிரலை ஏற்பதா என்பதில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளந்து, அக்குழுவின் தலைவரது முடிவு வாக்கால் ஏற்பு என்று தீர்மானமானது. பகை தணியவில்லை. நவம்பரில் பொது வாக்கெடுப்பு வந்தது. இதில் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற முன்மொழிவு வென்றது. அந்த மாதமே ஒரு சாரார் தேவுவான் என்ற பெயரில் பிரிந்து போனார்கள். இன்று இரண்டும் இருக்கின்றன. யார் தலையும் உருளவில்லை, யார் நிலமும் பறிபோகவில்லை. தோற்ற சிறுபான்மைக்குத் தன் வழியே வாழ இடம் கிடைத்தது. நாடுகளின் வரலாற்றில் இப்படி முடிந்த பிரிவினைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் வீட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டாரும் புலம்பெயர்ந்தோரும் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒரே நகரத்தை ஒருவர் டொராண்டோ என்பார், இன்னொருவர் ரொறன்ரோ என்பார். கிரந்த எழுத்து வேண்டும் என்பார் ஒருவர், கூடவே கூடாது என்பார் மற்றவர். ஆலமரத்தடி என்று அழகாகப் பெயரிட்ட பொது உரையாடல் பக்கத்திலும் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களிலும் இந்த வாதங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. உரிமத்தின்படி யாரும் பிரிந்துபோய் ஈழத்தமிழுக்கு ஒன்று, தமிழ்நாட்டுத் தமிழுக்கு ஒன்று என்று தொடங்கியிருக்கலாம். தொடங்கியிருந்தால் எழுதுகிறவர்கள் குறைவான நம் மொழியில் இரண்டும் மெலிந்துபோயிருக்கும். ஒரு வடிவம் தலைப்பாகவும் மற்றது அதற்கு இட்டுச்செல்லும் வழிமாற்றாகவும் இருக்கட்டும் என்று இருதரப்பும் விட்டுக்கொடுத்ததால் இன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய கட்டுரைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. கட்டளையிட யாரும் இல்லாத இடத்தில் பேசிப் பேசியே தீர்த்த இந்தப் பொறுமையை மக்களாட்சிப் பயிற்சியாக நம் பல்கலைக்கழகங்கள் ஆராய வேண்டும்.

இனி இந்த முன்மாதிரி எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்போம். விலகும் உரிமை காகிதத்தில் இருப்பது ஒன்று, விலக முடிவது வேறொன்று. ஜான் லாக் 1689இல் வெளியான தன் நூலில், ஒரு நாட்டின் எல்லைக்குள் தொடர்ந்து வாழ்கிறவர் அதன் ஆட்சிக்கு மறைமுகமாக இசைந்தவராகிறார் என்று வாதிட்டார். வேண்டாம் என்றால் போயிருக்கலாமே என்பது அதன் உட்பொருள். டேவிட் ஹ்யூம் 1748இல் இதற்குச் சொன்ன மறுப்பு எனக்கு அரசியல் தத்துவத்தின் ஆகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. வேற்றுமொழி தெரியாத, அன்றாடக் கூலியில் வாழும் ஏழை உழவன் நாட்டைவிட்டுப் போக உரிமையுள்ளவன் என்று எப்படிச் சொல்வீர்கள்? தூங்கும்போது கப்பலில் தூக்கிவந்து போடப்பட்டவன், கடலில் குதித்துச் சாகாமல் கப்பலிலேயே இருக்கிறான் என்பதால் தலைவனின் ஆணைக்கு இசைந்தான் என்று ஆகுமா? இதுதான் ஹ்யூம் கேட்டது.

கைப்பேசியில் ஒரு செயலியைத் திறக்கும்போது ‘நான் ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறோமே, அது லாக்கின் இசைவுதான். நம்மில் பெரும்பாலோர் ஹ்யூமின் கப்பலில் இருக்கிறோம். பள்ளியின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது, தெருவின் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதும் அதிலேயே வருகிறது. பிடிக்கவில்லை என்று வெளியேறுகிற தாய் எங்கே போவார்? அவர் தொடர்பிலிருக்கும் மனிதர்களை எடுத்துக்கொண்டு போக எந்த உரிமமும் இடம் தரவில்லை. இத்தகைய செயலிகளை நடத்தும் நிறுவனங்களின் வழங்கிகளில் ஓடுவது பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்தான் என்பதை நினைவில் வையுங்கள். லினக்ஸ் இல்லாமல் இவற்றில் ஒன்றும் இல்லை. நிரல் விடுதலை பெற்றுவிட்டது, அதைப் பயன்படுத்தும் மனிதர் கட்டுண்டு கிடக்கிறார்.

2022 அக்டோபரில் ட்விட்டர் 4,400 கோடி டாலருக்குக் கைமாறியபோது பலர் மாஸ்டோடான் பக்கம் போனார்கள். அது தனித்தனி வழங்கிகள் பொது நெறிமுறையால் பேசிக்கொள்ளும் திறமூலத் தளம். போனவர்களில் பலர் திரும்பி வந்ததற்குக் காரணம் மென்பொருளின் குறை என்று நான் நினைக்கவில்லை. ஊர் முழுவதும் ஒரே நாளில் குடிபெயராது. இதே மாஸ்டோடானின் நிரலை 2019இல் கேப் என்ற வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன தளம் எடுத்துக்கொண்டது. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது முதல் உரிமை ஆயிற்றே, தடுக்க வழியில்லை. ஆனால் மாஸ்டோடானின் பல வழங்கிகள் அதோடு தொடர்பை முறித்துக்கொண்டன. உரிமம் தராத பாதுகாப்பை மனிதர்களின் கூட்டு முடிவு தந்தது. திறந்த நிரலுக்குள் நல்லொழுக்கம் ஒளிந்திருக்கிறது என்று நம்புகிற நண்பர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

1996 பிப்ரவரி 8ஆம் தேதி டாவோஸ் நகரில் ஜான் பெர்ரி பார்லோ இணையவெளியின் விடுதலைப் பிரகடனத்தை எழுதினார். அரசுகளுக்கு அங்கே இடமில்லை, இறையாண்மை இல்லை என்பது அதன் சாரம். சரியாக இருபது ஆண்டு கழித்து, 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இணையக் கட்டணம் மாறக்கூடாது என்றது அந்த உத்தரவு. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவில் அத்தோடு நின்றது. இதற்கு முந்தைய ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் இணையச் சமநிலைக்காக அந்த ஆணையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். பார்லோ இடமில்லை என்று சொன்ன அரசிடம்தான் மக்கள் இணையத்தைக் காக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுக்கு வேறு இணையம் ஒன்றுக்குப் பிரிந்துபோக வழியில்லை. குரல் மட்டுமே இருந்தது, அந்தக் குரல் வென்றது.

விலகல் உரிமைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாரையும் வேலை செய்யக் கடமைப்படுத்தாத உலகத்தில், உலகமே சாய்ந்து நிற்கும் தூண் ஒன்றை ஒரே ஒருவர் சம்பளமின்றித் தாங்கிக்கொண்டிருக்க நேரலாம். எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்கக் கருவியின் கதை அது. அதைப் பல ஆண்டு தனியாகப் பராமரித்தவர் சோர்ந்துபோயிருந்த நேரத்தில், 2022இல் முகம் தெரியாத சில கணக்குகள் ‘ஏன் தாமதம்’ என்று அவரை நெருக்கின. அதே நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, பராமரிப்பில் பங்கும் பெற்றார். 2024இல் அந்தக் கருவிக்குள் ஒரு கள்ளவழி நுழைந்தது. உலகின் கணக்கற்ற வழங்கிகளுக்குள் புகும் வாசலாக அது ஆகியிருக்கும். மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டு சந்தேகப்பட்டவர் அவர்.

திறந்த நிரலாக இருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் குரல் என்பதை நாம் புனிதமாகப் பேசும்போது, உழைப்பில் பங்கெடுக்காத குரல் உழைக்கிறவரை எப்படி நொறுக்கும் என்பதும் இதில் இருக்கிறது. இந்தக் கருவிகளால் கோடிகள் சம்பாதிக்கும் நிறுவனங்களும், இவற்றின்மேல் தம் சேவைகளைக் கட்டியிருக்கும் அரசுகளும் பராமரிப்பாளர்களுக்கு ஊதியம் தரவேண்டும். சாலைக்கும் பாலத்துக்கும் ஒதுக்குவதுபோல் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது, எவராலும் பிரிந்துபோக முடியாத இடத்துக்கு வருகிறேன். அரசு ஒரு மென்பொருளை வைத்துக் குடிமக்களை ஆளும்போது, மாற்று அரசுக்குக் கிளை பிரிய முடியாது. அங்கே மூல நிரலைத் திறந்துவைத்தால் போதுமா? 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தக் கேள்வியை ஆழமாகத் தொட்டது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 20 லட்சம் வாக்காளர்கள் பயன்படுத்திய வாக்குக் கணினிகளை எதிர்த்து ஒரு தந்தையும் மகனும் வழக்காடினார்கள். முறைகேடு நடந்ததற்குச் சான்று இல்லை என்பதால் தேர்தலை நீதிமன்றம் செல்லாததாக்கவில்லை. ஆனால் தேர்தலின் முக்கியமான படிகளைத் தனித்த தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் நம்பகமாகச் சரிபார்க்க முடியவேண்டும். அந்தக் கணினிகள் இதற்கு இடம் தரவில்லை, ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது அரசமைப்புக்கு முரணானது என்றது.

இந்த அளவுகோலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நிரலைப் படிக்கத் தெரிந்தவர் படித்துச் சரி என்று சொன்னால் மற்றவர்கள் நம்பிக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட அது ஏற்கவில்லை. திறமூல இயக்கம் கோருவதைவிடக் கூடுதலாகக் கோருகிறது. ஆயிரம் நிரலர்களின் குடியரசில் எல்லோரும் நிரல் படிப்பவர்கள். தேசத்தில் அப்படி இல்லை. நம் நாட்டில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் மூல நிரலைத் தணிக்கை செய்து பொதுவில் வைக்கக் கோரிய மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிரலை வெளியிட்டால் ஊடுருவுகிறவர்களுக்கு வழி திறக்கும் என்ற கவலை அப்போது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2024 ஏப்ரலில், ஒப்புகைச் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையையும் நீதிமன்றம் நிராகரித்தது. இயந்திரங்களில் மோசடி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கான சான்று என்னிடம் இல்லை. ஆயினும் காகிதச் சீட்டைக் கையில் எடுத்து எண்ணுவது எந்தக் குடிமகனுக்கும் புரிகிற செயல். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 இயந்திரங்களின் சீட்டுகளை எண்ணும் இப்போதைய ஏற்பாடு அந்தப் புரிதலுக்குப் போதாது என்பதே என் கருத்து. ஜெர்மன் நீதிமன்றத்தின் அளவுகோல் நமக்கும் பொருந்த வேண்டும்.

வாக்குச்சாவடி ஐந்தாண்டுக்கு ஒருமுறை. ரேஷன் கடை மாதந்தோறும். கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் கட்டடத் தொழிலாளிக்கும் வயதான பெண்ணுக்கும் பிரிந்துபோக வேறு கடை இல்லை, வேறு ஆதார் இல்லை. கடையின் தராசை முத்திரையிட்டுச் சோதிக்க ஒரு துறை இருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் விரல்ரேகைக் கருவியின் முடிவைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 28ஆவது பிரிவு நியாயவிலைக் கடைகளைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தச் சொல்கிறது. அந்தத் தணிக்கைக்குள் இந்தக் கருவியும் வரவேண்டும் என்று நான் கேட்கிறேன். அதன் நிரல் பொதுவில் இருக்க வேண்டும். இந்த அரங்கில் இருக்கும் கணினித் துறை மாணவர்கள் அதைப் படித்து ஆய்ந்து சொல்லட்டும். ஒவ்வொரு கடையிலும் மாதத்துக்கு எத்தனை முறை கைரேகை ஏற்கப்படவில்லை, அவர்களில் எத்தனை பேருக்குப் பிறகு அரிசி கிடைத்தது என்ற பட்டியல் கடைவாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்; அதைப் படிக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. கருவி மறுத்தால் விற்பனையாளரே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கேட்டு விவாதிக்கும் இடம் கிராம சபை. வருகிற கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அந்த ஊர் வாக்காளர் எவருக்கும் உரிமை உண்டு.